கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்து முடித்து ஏழு மாதம் ஆகிறது. இதை யாரிடம் கேட்பது?

ராகிக்காடு | செவ்வாய், இரவு 11:10

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். வயது 41. போன வருடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஆபரேஷன் செய்யவில்லை. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 25 நாள் கரண்ட் வைத்தார்கள், வாரம் ஒரு கீமோ, கடைசியில் உள்ளே வைக்கிற கரண்ட் மூன்று தடவை. ஸ்கேன் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். இப்போது காட்டு வேலைக்குப் போகிறேன், தக்காளி பறிக்கிறேன், நான்கு பேருக்குக் களி கிண்டுகிறேன். வெளியே பார்க்கிறவர்களுக்கு நான் பழைய ஆள்தான்.

சொல்ல வந்தது வேறு. மூன்று மாதம் முன்பு நானும் வீட்டுக்காரரும் ஒரு தடவை சேரப் பார்த்தோம். வலி தாங்கவில்லை. உள்ளே சுவர் வைத்து அடைத்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் ரத்தம் பட்டது. அன்றிலிருந்து அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். மார்கழிப் பனியிலும் உள்ளே வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கரண்ட் வைத்த உடம்பைத் தொட்டால் ஆம்பளைக்கும் ஆகாது என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த தாளில் என்ன சாப்பிடணும், எப்போது வரணும் எல்லாம் இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை. செக்கப்புக்குப் போனால் பக்கத்தில் என் தம்பி நிற்கிறான், கதவருகே பத்துப் பேர் நிற்கிறார்கள், டாக்டர் என் மகன் வயதுப் பையன். எப்படிக் கேட்பேன்? இதற்கு வைத்தியம் இருக்கிறதா, இல்லை இனிமேல் இப்படித்தானா?

நெல்லிமரம் | செவ்வாய், இரவு 11:52

அக்கா, எனக்கும் இதேதான். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தென்பெண்ணை_சிஸ்டர் | புதன், காலை 6:20

ராகிக்காடு அக்கா, இனிமேல் இப்படித்தான் என்று இல்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டுக்கே போய்ப் புற்றுநோயாளிகளைப் பார்க்கிற செவிலியர். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வலி மாத்திரை கொடுக்க, புண் கட்டப் போகிற வீடுகளில், வாசல் வரைக்கும் கூடவே வந்து கடைசி நிமிடத்தில் "சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிக்கிற பெண்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்பது நீங்கள் கேட்டதைத்தான்.

கர்ப்பப்பை வாயில் இருக்கிற கட்டிக்கு வைக்கிற கதிர் பக்கத்தில் இருக்கும் பிறப்புறுப்புப் பாதையின் சுவரையும் தொடும். ரத்த ஓட்டம் குறைந்து, ஈரம் வற்றி, சுவர் மெலிந்துபோகும். புண் ஆறும்போது இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். அப்படியே விட்டால் பாதை குறுகும், நீளமும் குறையும். நீங்கள் சுவர் மாதிரி என்று சொன்னது இதுவாகத்தான் இருக்கும். கருமுட்டைப் பையும் கதிரில் அடங்கிவிடுவதால் 41 வயதிலேயே தூரம் (மாதவிடாய்) நின்ற உடம்பாகிவிடுகிறது. திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது, எரிச்சல், ஆசை குறைவது எல்லாம் அதனால் வருவது. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இதற்கு டைலேட்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. வழவழப்பான பிளாஸ்டிக் அல்லது சிலிக்கான் குச்சி, விரல் கனத்திலிருந்து படிப்படியாகப் பெரிய அளவுகள் இருக்கும். பொதுவாகக் கரண்ட் முடிந்து சில வாரங்களில், உள்ளே புண் ஆறியதைப் பார்த்துவிட்டு டாக்டர் ஆரம்பிக்கச் சொல்வார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தண்ணீரில் கரையும் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, மூச்சை விடும்போது மெதுவாக உள்ளே செலுத்த வேண்டும். வலித்தால் அங்கேயே நிறுத்தி, மூச்சு சீரானபின் கொஞ்சம். ஐந்திலிருந்து பத்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வையுங்கள். லேசாக ரோஸ் நிறத்தில் பட்டால் பயப்பட வேண்டாம். தூரம் மாதிரி ரத்தம் வந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, ரத்தமும் பட்டிருக்கிறது. அதனால் நீங்களாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். டாக்டர் உள்ளே பார்த்து, அது வெறும் ஒட்டல்தானா என்று உறுதி செய்த பிறகுதான்.

எப்படிக் கேட்பது என்றீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: "உறவின்போது வலி, ரத்தம் படுகிறது. உள்ளே பார்க்க வேண்டும். டைலேட்டர் வேண்டுமா?" அதைக் கேஸ் நோட்டின் மேல் செருகி நீட்டினால் போதும், வாய் திறக்க வேண்டாம். தம்பியை மருந்து வாங்க அனுப்பிவிடுங்கள். பெண் டாக்டர் பார்க்கட்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாமியார் சொன்னதற்கு: புற்றுநோய் தொற்றாது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவர் உடம்பில் எக்ஸ்ரே மிச்சம் இருக்கிறதா? வெளியே வைத்த கரண்டும் அப்படித்தான், மெஷின் நின்றதும் அதுவும் நின்றது. உள்ளே வைத்த கதிர்மணி அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் மெஷினுக்குள் திரும்பிப் போய்விட்டது. உங்கள் உடம்பில் ஒன்றும் தங்கவில்லை.

கோட்டைவாசல் | புதன், காலை 9:05

உயிர் பிழைத்து வந்ததே பெரிய விஷயம். பிள்ளைகளும் படிக்கிற இடத்தில் இதையெல்லாம் எழுதலாமா? வயது 41 ஆகிவிட்டது, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்பதுதான் என் கருத்து. தவறாக நினைக்க வேண்டாம்.

புளியந்தோப்பு | புதன், காலை 9:48

கோட்டைவாசல் ஐயா, எனக்கு 58 வயது. ஊத்தங்கரை பக்கம். வீட்டுக்காரர் இறந்து பன்னிரண்டு வருடம். எனக்கும் இதே வியாதி, இதே கரண்ட். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அந்தக் குச்சியைக் கொடுத்தார், நான் வாங்கவில்லை. புருஷன் இல்லாதவளுக்கு இது எதற்கு என்று எனக்கு அவமானமாக இருந்தது.

ஒரு வருடம் கழித்து செக்கப்பில் டாக்டரம்மா விரலை வைத்துப் பார்க்க முடியவில்லை. கருவியும் நுழையவில்லை. உள்ளே நோய் திரும்பியிருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க வழியில்லாமல், மயக்க ஊசி போட்டுத்தான் பார்த்தார்கள். நல்லவேளை ஒன்றும் இல்லை. அந்தக் குச்சி தாம்பத்தியத்துக்கு மட்டும் இல்லை, பாதை திறந்திருந்தால்தான் செக்கப் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்கவே மாட்டேன்.

சாமியை நானும் கும்பிடுகிறேன். இதையும் செய்கிறேன்.

நெறியாளர் | புதன், காலை 10:15

இந்த இழை இங்கேயே இருக்கும். உடல்நலப் பகுதியில் உடல்நலம் பேசுவதற்குத் தடை இல்லை. பெயர், ஊர், போன் நம்பர் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

மல்லிகைப்பந்தல் | புதன், மதியம் 2:30

சிஸ்டர், ஒரு சந்தேகம். இந்த வியாதி ஒரு கிருமியால் வருகிறதாமே? என் அக்காவுக்கு வந்தபோது மாமா வீட்டில் அவள் நடத்தையைப் பேசினார்கள். எங்கள் வீட்டில் மாமாவின் நடத்தையைப் பேசினார்கள். இரண்டு குடும்பமும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

தென்பெண்ணை_சிஸ்டர் | புதன், மாலை 5:40

ஹெச்பிவி என்கிற வைரஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் அதுதான். அதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹௌசனுக்கு 2008ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அந்த வைரஸ் ஜலதோஷம் மாதிரி அவ்வளவு சாதாரணம். தாம்பத்திய வாழ்க்கை உள்ள பெரும்பாலான ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏதாவது ஒரு சமயத்தில் வந்து, உடம்பே விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, பத்து இருபது வருடம் கழித்துப் புற்றாகிறது. ஒருத்தரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. அதை வைத்து ஒருவர் நடத்தையைத் தீர்மானிப்பது அநியாயம். உங்கள் அக்காவிடமும் மாமாவிடமும் இதை நீங்களே போய்ச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் பெண் பிள்ளைகள் இருந்தால் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

சிப்காட்தம்பி | புதன், இரவு 9:15

நான் ஆண். இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன். ஓசூரில் கம்பெனி வேலை. 24 வயதில் விதையில் கட்டி என்று பெங்களூரில் பார்த்தார்கள். ஒரு விதையை எடுத்துவிட்டு கீமோ என்றார்கள். டாக்டர் அறையில் என் அப்பாவும் இருந்தார். அந்த டாக்டர் அப்பாவிடம், "கீழே லேப்ல ஒரு ரிப்போர்ட் இருக்கு, வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினார். அப்பா போனதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "கீமோவுக்கு முன்னாடி விந்தணுவைச் சேமிச்சு வைக்கணும், பின்னாடி குழந்தைக்குத் தேவைப்படலாம், நாளைக்கே செய்யலாம்" என்றார். ஒரு விதை இருந்தாலே தாம்பத்தியத்துக்குப் போதும் என்றும் அவரே சொன்னார், நான் கேட்காமலே.

லேபில் ரிப்போர்ட் எதுவும் இல்லை. அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். அந்த ஐந்து நிமிடத்துக்காக அந்த டாக்டரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லாருக்கும் அப்படி ஒருவர் கிடைக்க வேண்டும். கிடைக்காதவர்கள் கீமோ ஆரம்பிக்கும் முன்பே நீங்களாகக் கேட்டுவிடுங்கள். ஆரம்பித்த பிறகு கேட்டால் காலம் தப்பிவிடும்.

மாங்கொட்டை | புதன், இரவு 10:02

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. இந்தச் சமயத்தில் கூடாதா? டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை.

தென்பெண்ணை_சிஸ்டர் | வியாழன், காலை 6:10

கூடாது என்று இல்லை சார், அவர்களுக்கு விருப்பமும் தெம்பும் இருந்தால். கீமோ மருந்து கொஞ்சம் உடம்பு நீரில் கலந்து வரும், அதனால் மருந்து ஏறிய முதல் வாரம் ஆணுறை கட்டாயம். கர்ப்பம் இப்போது தரிக்கவே கூடாது, அதனால் மற்ற நாளிலும் போடுங்கள். வெள்ளையணு, தட்டணு குறைவு என்று சொன்ன நாட்களில் வேண்டாம். தூரம் வரவில்லை என்று கர்ப்பம் தரிக்காது என நினைக்காதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கருத்தடை மாத்திரை பொதுவாக ஆகாது, காப்பர் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. ஆணுறையோடு தேங்காய் எண்ணெய், வாசலின் தடவக்கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். பின்னால் டேமாக்சிபென், லெட்ரோசோல் மாதிரி மாத்திரை ஆரம்பித்தால் வறட்சி இன்னும் கூடலாம். அப்போது ஹார்மோன் க்ரீமைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ராகிக்காடு அக்காவுக்கு டாக்டர் எழுதித் தரக்கூடிய க்ரீம் உங்கள் மனைவிக்கு ஆகாமல் போகலாம்.

ஓய்வுவாத்தியார் | வியாழன், காலை 8:30

அரூர் பக்கம், வயது 69. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி போடுகிறார்கள். ஆசை என்பதே அணைந்துவிட்டது. பெண்களுக்கு வருகிற மாதிரி உடம்பு கொதிக்கிறது. நான் ஆண்பிள்ளையே இல்லையோ என்று ஒரு வருடம் தவித்தேன். ஊசியின் வேலையே ஆண் ஹார்மோனை நிறுத்துவதுதான், இது அதன் விளைவு என்று தெரிந்த பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். இப்போது இரவில் அவள் கால் வலிக்கு நான் தைலம் தேய்க்கிறேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறேன். எனக்கு இது போதும். ஆனால் போதும் என்று நானே முடிவு செய்தேன். மற்றவர்களுக்கு யாரும் முடிவு செய்யக்கூடாது, கோட்டைவாசல் அவர்களே.

ஆபரேஷன் செய்துகொண்ட நண்பர் ஒருவர் விறைப்புக்குக் கொடுக்கிற மாத்திரையில் தேறினார். நரம்பு தேற ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும் என்றார்கள். இதயத்துக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரை பயன்படுத்துகிறவர்கள் மட்டும் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் படுவேகமாக இறங்கி உயிருக்கே ஆபத்து. நண்பர் சொன்னார் என்று வாங்கி விழுங்காதீர்கள்.

செம்பருத்தி | வியாழன், மதியம் 12:40

எனக்கு மலக்குடல் புற்றுநோய், வயிற்றில் மலம் சேரும் பை. தாம்பத்தியத்துக்கு முன்னாடியே பையைக் காலி செய்துவிட்டு, பழைய பருத்தித் துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி இறுக்காமல் கட்டிக்கொள்வேன். பை ஆடாது, சத்தம் கேட்காது, எனக்கும் தைரியம். யாருக்காவது உதவும்.

கோட்டைவாசல் | வியாழன், இரவு 7:20

புளியந்தோப்பு அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். செக்கப் விஷயம் எனக்குத் தெரியாது. பொதுவெளியில் பேசுவதில் எனக்கு இன்னும் சங்கடம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் வயதைச் சொன்னது தப்பு. மன்னிக்கவும்.

ராகிக்காடு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர் எழுதியதை அன்றைக்கு இரவே போனில் வீட்டுக்காரருக்குக் காட்டினேன். எனக்குச் சொல்ல வரவில்லை, படியுங்கள் என்று கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அன்னிக்கு ரத்தம் பார்த்ததும் உன்னை நான்தான் புண்ணாக்கி வியாதியைத் திரும்பக் கொண்டுவந்துட்டேன்னு நினைச்சேன். பக்கத்துல படுத்தா கை சும்மா இருக்காதேன்னுதான் வெளிய வந்தேன்" என்றார். என்னைப் பார்த்து அருவருப்பு என்று நான் மூன்று மாதம் அழுதிருக்கிறேன். அவர் மூன்று மாதம் பயந்திருக்கிறார். நடுவில் ஒரு கதவு, அதற்குத் தாழ்ப்பாள்கூட இல்லை.

செக்கப்புக்கு இந்தத் தடவை தம்பி வேண்டாம் என்று அவரே வந்தார். தொப்பூர் கணவாய் இறங்கும்வரை சீட்டைக் கையில் மடித்து மடித்து வைத்திருந்தேன், எழுத்தே வியர்வையில் அழிந்துவிட்டது. மறுபடியும் எழுதி நீட்டினேன். அந்தச் சின்ன டாக்டர் படித்துவிட்டு, "நல்லவேளை கேட்டீங்கம்மா" என்று எழுந்து போய் ஒரு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். அவர் திரை போட்டுப் பார்த்தார். சுண்டுவிரல் நுனிதான் போனது. நோய் இல்லை, ஒட்டல்தான் என்றார். மெதுவாக விலக்கிவிட்டு, சின்ன அளவு டைலேட்டர் கொடுத்துச் செய்து காட்டினார். ஈரத்துக்கு ஒரு க்ரீமும் எழுதினார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் மருந்துக்கடையில் ஜெல்லி கேட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மரத்துப்போகிற மருந்து கலந்த ஜெல்லி. சிஸ்டர், அதையே போடலாமா?

தென்பெண்ணை_சிஸ்டர் | திங்கள், காலை 6:05

போடாதீர்கள் அக்கா. லிக்னோகெய்ன் என்று டியூபில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மரத்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்று உங்களுக்குத் தெரியாது, உள்ளே கிழிந்துவிடும். "மருந்து கலக்காத, தண்ணீரில் கரையும் லூப்ரிகன்ட் ஜெல்லி" என்று எழுதிக் காட்டி வாங்குங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ராகிக்காடு | இரண்டு மாதம் கழித்து, சனி இரவு

இரண்டாவது அளவுக்கு வந்துவிட்டேன். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்று வைத்துக்கொண்டேன். அரிசி டிரம் பின்னால் துணியில் சுற்றி வைத்திருப்பதைப் பையன் எடுத்து "என்னம்மா இது" என்றான். ஆஸ்பத்திரிச் சாமான்டா என்றதும் வைத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான், நான்தான் அதற்கு ஒரு மாதம் பயந்தேன்.

வலி முழுக்கப் போகவில்லை. எரிச்சல் இருக்கிறது. நாங்கள் இன்னும் முழுசாகச் சேரவில்லை, அவசரமும் இல்லை. பாய் உள்ளே வந்துவிட்டது. வெயில் காலத்தில் உள்ளே புழுக்கமாக இருக்கிறது, திண்ணையில் படுங்கள் என்று நானே சொன்னாலும் போக மாட்டேன் என்கிறார்.

நெல்லிமரம், நீங்கள் போனீர்களா?

நெல்லிமரம் | சனி, இரவு 11:30

இன்னும் இல்லை அக்கா. நான் தேன்கனிக்கோட்டை தாண்டி. பெங்களூரில் வைத்தியம். அங்கே எல்லாம் கன்னடம். எனக்குத் தெலுங்கும் தமிழும்தான். எழுதிக் கொடுத்தாலும் படிப்பார்களா என்று தெரியவில்லை.

தென்பெண்ணை_சிஸ்டர் | ஞாயிறு, காலை 6:30

அங்கே தமிழ் தெரிந்த நர்ஸ் யாராவது இருப்பார்கள், கேளுங்கள். யாரும் இல்லையென்றால் அடிவயிற்றுக்குக் கீழே கையைக் காட்டி நோவு என்று சொல்லுங்கள். கன்னடத்திலும் வலிக்கு நோவு என்றுதான் பெயர். சீட்டைக் கன்னடத்தில் எழுதித் தர என்னோடு வேலை செய்கிற ஓசூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இன்று மாலைக்குள் இங்கேயே போடுகிறேன், அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். செக்கப் எந்தக் கிழமை?

நெல்லிமரம் | ஞாயிறு, காலை 7:15

வியாழக்கிழமை.